கை கால் மரத்துப்போவது எதனால்? இடத்தைக் கவனித்தால் பாதி விடை கிடைக்கும்

மருந்துக்கடையில் போய் "கை கால் எல்லாம் மதமதன்னு இருக்கு" என்று சொன்னால், பெரும்பாலும் ஓர் அட்டை நரம்பு மாத்திரை, அதாவது பி வைட்டமின் கலவை, கைக்கு வந்துவிடும். சிலருக்கு அதிலேயே சரியாகிவிடுகிறது. சரியாகாதவர்கள் வேறு அட்டைக்கு மாறுகிறார்கள், அப்புறம் தைலம், அப்புறம் யாரோ சொன்ன ஊசி. இப்படியே ஆறு மாதம், ஒரு வருடம் ஓடிவிடுகிறது. அந்த நேரமெல்லாம் சர்க்கரையோ சத்துக்குறைவோ மணிக்கட்டில் இருக்கும் ஓர் அழுத்தமோ நரம்பைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். நரம்புக் கோளாறுகளில் பலவற்றை ஆரம்பத்தில் பிடித்தால் நன்றாகக் குணப்படுத்தலாம். தாமதித்தால் இழந்த உணர்வு முழுதாகத் திரும்புவதில்லை. அதனால்தான் எந்த மாத்திரை என்று கேட்பதற்கு முன்னால் என்ன காரணம் என்று கேட்கச் சொல்கிறேன். எந்த இடத்தில் தொடங்கியது, எந்த நேரத்தில் அதிகமாகிறது, எவ்வளவு வேகமாகப் பரவியது என்ற மூன்றையும் கவனித்துச் சொன்னால் மருத்துவரின் வேலை பாதி முடிந்துவிடும்.

மரத்துப்போதல், திமிர் ஏறுதல், எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு, ஊசி குத்தல், எரிச்சல், சுளீரென்று ஷாக் அடித்தல் என்று நாம் பலவிதமாகச் சொல்வதையெல்லாம் மருத்துவர்கள் பொதுவாகப் பாரஸ்தீசியா என்பார்கள். இதில் இரண்டு வகைகளைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. தொட்டால் தெரியவில்லை, சூடு தெரியவில்லை என்பது உணர்வு குறைவது. யாரும் தொடாமலே குறுகுறுக்கிறது, எரிகிறது என்பது இல்லாத உணர்வு தோன்றுவது. இரண்டாவது நம்மைத் தூங்கவிடாமல் தொல்லை செய்வதால் உடனே மருத்துவரிடம் ஓடுவோம். முதலாவது சத்தமில்லாமல் வரும். ஆபத்து அதில்தான் கூடுதல்.

சம்மணம் போட்டு எழுந்தால் வருவது

நெடுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்திருக்கும். காலுக்கு ரத்தமே போகவில்லை என்று நினைப்போம். உண்மையில் அழுத்தம் விழுவது நரம்பின் மீதும், அந்த நரம்புக்கு உணவூட்டும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் மீதும்தான். நரம்பால் செய்தி கடத்த முடியாததால் கால் மரக்கிறது. எழுந்து நின்றதும் நரம்பிழைகள் மறுபடி வேலைக்கு வரும்போது, ஒழுங்கு வருவதற்குள் தாறுமாறாகச் செய்திகளை அனுப்பும். மூளை அதை ஊசி குத்தலாகப் படித்துக்கொள்கிறது. சில நிமிடங்களில் அடங்கிவிடும் இதற்கு வைத்தியம் ஏதும் தேவையில்லை.

ஆனால் மணிக்கணக்கில் குந்தி உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே, ஒரு நரம்பு எலும்பை ஒட்டித் தோலுக்கு மிக அருகில் போகிறது. அங்கே நெடுநேரம் அழுத்தம் விழுந்தால் பாதத்தின் மேற்பக்கம் மரப்பதோடு, பாதத்தைத் தூக்க முடியாமல் நடக்கும்போது விரல் தரையில் தட்டும். அப்படி ஆனால் காத்திருக்க வேண்டாம், காட்டிவிடுங்கள்.

எந்த விரல் மரக்கிறது?

கை மரத்தால் முதலில் விரல்களைப் பாருங்கள். கட்டை விரல், சுட்டு விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்து, சுண்டு விரல் நன்றாக இருந்தால் மணிக்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். மணிக்கட்டின் உள்பக்கத்தில் எலும்பும் தடித்த தசைநாரும் சேர்ந்த குறுகிய பாதை ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் நாண்களும் மீடியன் நரம்பும் அதன் வழியாகத்தான் போகின்றன. உள்ளே கொஞ்சம் வீக்கம் வந்தாலும் நசுங்குவது நரம்புதான். இதற்குப் பெயர் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். நடு இரவில் கை மரத்து விழிப்பதும், கையை உதறினால் சரியாவதும் இதன் அடையாளங்கள். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக் கிடப்பதால் இரவில் கூடுகிறது. வண்டி ஓட்டும்போதும் கைப்பேசியைப் பிடித்திருக்கும்போதும் வரும்.

கர்ப்பிணிகளுக்கு நீர் கோப்பதால் இது வரும். பிள்ளை பிறந்தபின் பெரும்பாலும் போய்விடும். தைராய்டு குறைவு, சர்க்கரை நோய், மூட்டுகளை வீங்கவைக்கும் முடக்குவாதம் உள்ளவர்களுக்கு அதிகம். அதனால் மணிக்கட்டு நரம்பு நசுங்குகிறது என்று தெரிந்தால் தைராய்டும் சர்க்கரையும் பார்த்துவிட வேண்டும். ஆரம்பத்தில் இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை ஒன்றைச் சில வாரம் கட்டித் தூங்கினாலே பலருக்கு நல்ல நிவாரணம் கிடைக்கிறது. போதாவிட்டால் ஸ்டீராய்டு ஊசி. அதுவும் போதாமல் பொருள்கள் கையிலிருந்து நழுவுவதும் கட்டை விரலின் அடியிலுள்ள சதை வற்றுவதும் தொடங்கினால், அந்தத் தசைநாரை வெட்டிவிடும் சிறிய அறுவை சிகிச்சை. சதை வற்றும்வரை அதைத் தள்ளிப்போடக் கூடாது. வற்றிய சதை முன்போல் திரும்புவது அரிது.

சுண்டு விரலும் மோதிர விரலின் மறுபாதியும் மரத்தால் முழங்கையைக் கவனியுங்கள். முழங்கை இடித்தால் சுண்டு விரல் வரை ஷாக் அடிக்குமே, அதே அல்நார் நரம்புதான். மேசையில் முழங்கையை ஊன்றி வேலை செய்கிறவர்களுக்கும், கையை மடித்துத் தலைக்குக் கீழே வைத்துத் தூங்குகிறவர்களுக்கும் வரும். பழக்கத்தை மாற்றினாலே பாதி குறைந்துவிடும்.

கழுத்திலிருந்து தோள் வழியாக விரல் வரை வலியோடு இறங்கினால், கழுத்து எலும்பருகே நரம்பின் வேர் அழுந்துகிறது என்று பொருள். இடுப்பிலிருந்து தொடையின் பின்பக்கமாகப் பாதம் வரை இறங்குவதும் அப்படித்தான். இதற்கெல்லாம் எடுத்த எடுப்பிலேயே எம்.ஆர்.ஐ. எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஐம்பது வயதைக் கடந்தவர்களில் பலருக்கு ஏதாவது ஒரு டிஸ்க் பிதுங்கித்தான் தெரியும். தொந்தரவே இல்லாதவர்களுக்கும் தெரியும். பெரும்பாலான டிஸ்க் வலிகள் சில வாரங்களில் மருந்தாலும் பயிற்சியாலும் தணிந்துவிடும். கை, கால் பலம் குறைந்தால் உடனே படம் எடுக்க வேண்டும்.

தொடையின் வெளிப்பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மரத்து எரிகிறதா? இடுப்பில் இறுக்கிய பெல்ட், பாவாடை நாடா, உடல் எடை இவற்றில் ஏதோ ஒன்று அங்கே ஓடும் நரம்பை அழுத்துகிறது. தளர்த்திக் கட்டுங்கள். பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டு பாதமும் ஒன்றாக மரத்தால்

இதுவரை சொன்னவை ஒரு நரம்பு ஓரிடத்தில் அழுந்துவது. இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி, விரல் நுனியில் தொடங்கி மெல்ல மேலே ஏறினால் கதை வேறு. உடல் முழுவதையும் பாதிக்கும் ஏதோ ஒன்று எல்லா நரம்புகளையும் தாக்குகிறது. அதில் மிக நீளமானவை முதலில் அடிபடுகின்றன. கீழ்முதுகிலிருந்து கால் விரல் வரை போகும் நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். அதன் கடைக்கோடி வரை உணவும் பழுதுபார்க்கும் பொருளும் போய்ச் சேர வேண்டும். அதனால் முதலில் விரல், பிறகு பாதம், பிறகு கணுக்கால். முழங்கால் அளவுக்கு ஏறும்போதுதான் கைவிரல்களில் தொடங்கும்.

நம் நாட்டில் இதற்கு முதல் காரணம் சர்க்கரை நோய். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. ஆண்டுகள் போகப்போக அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நரம்பு பாதிக்கப்படுகிறது. பஞ்சின் மீது நடப்பதுபோல் இருக்கிறது என்பார்கள். இரவில் பாதம் எரியும், போர்வை பட்டாலே கூசும். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நாலு எட்டு நடந்துவிடுவார்கள். இந்தக் கடைசிச் செய்தியை வீட்டில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடாதீர்கள். பாதத்தைக் காக்கும் தொடு உணர்வு போய்விட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி கிடைக்காது.

உணர்வு போன பாதத்துக்கு என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாட்டில் பணியாற்றிய ஒரு மருத்துவர் முன்பே காட்டியிருக்கிறார். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சேர்ந்து தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்த பால் பிராண்ட், அவர்களுடைய விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்பதை நிறுவினார். வலி தெரியாததால் சூட்டையும் முள்ளையும் உணராமல், காயத்தின் மேலேயே மீண்டும் மீண்டும் நடந்து அவர்கள் காலை இழந்தார்கள். அவர்களுக்காகப் பரவலான, நுண்துளை ரப்பரால் ஆன மென்மையான எம்.சி.ஆர். செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளும் போடுகிறார்கள். நோய் வேறு, பாதத்துக்கு வரும் கேடு ஒன்றுதான்.

எனவே சர்க்கரை உள்ளவர்கள் தினமும் இரவில் இரண்டு பாதங்களையும் விரல் இடுக்கு உட்படப் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம், வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம். வெந்நீரில் காலை முக்கிவைப்பது வேண்டாம். கோடையில் நண்பகலில் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு சுற்றிக் கொப்புளத்தோடு வருகிறவர்கள் உண்டு. காலையிலோ மாலை வெயில் தாழ்ந்தோ போங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது நைலான் இழையாலும் அதிர்வுக் கவையாலும் பாத உணர்வைச் சோதிக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். சில நிமிட வேலை, வலிக்காது.

பி12, புழுங்கல் அரிசி, மது

சர்க்கரைக்கு அடுத்து நான் பார்க்கச் சொல்வது பி12 வைட்டமின். நரம்பிழையைச் சுற்றியுள்ள உறையைக் காக்க இது வேண்டும். மீன், இறைச்சி, முட்டை, பால், தயிரில் உண்டு. காய்கறி, பருப்பு, தானியத்தை இதற்கு நம்ப முடியாது. அதனால் சைவ உணவுக்காரர்களுக்கு, அதிலும் பால் தயிரும் குறைவாகச் சாப்பிடுகிற முதியவர்களுக்கு, குறைபாடு அதிகம். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் வரலாம். இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் இல்லாவிட்டால் சாப்பிட்ட பி12 உடலில் சேராது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினையும், அமிலம் குறைக்கும் மாத்திரைகளையும் வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கும் இந்த வைட்டமின் குறையும். கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான இருப்பு இருப்பதால் குறைபாடு மெதுவாக வெளிப்படுகிறது.

பாதத்தில் குறுகுறுப்போடு தொடங்கி, பிறகு தண்டுவடத்தையும் தாக்கும். கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுவது, இருட்டில் நடக்கத் தடுமாறுவது, நாக்கு எரிவது, மறதி எல்லாம் வரலாம். இங்கே ஒரு சிக்கலும் உண்டு: பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியாகிவிடும், நரம்புக் கேடு மட்டும் வளர்ந்துகொண்டே போகும். ரத்தத்தில் பி12 அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்பது வழக்கமான கணக்கு. அதற்குச் சற்று மேலே இருந்தும் தொந்தரவு இருந்தால் கூடுதல் சோதனை தேவைப்படும். நரம்பு பாதித்திருந்தால் மருத்துவர்கள் பொதுவாக ஊசியில்தான் தொடங்குவார்கள். நரம்பு மாத்திரை உண்மையிலேயே மருந்தாக வேலை செய்யும் இடம் இதுதான். ஆனால் சோதனைக்கு முன்பே அதை விழுங்கினால் ரத்த அளவு ஏறிக் காட்டி, உண்மை மறைந்துபோகும். ரத்தத்தைக் கொடுத்துவிட்டு மாத்திரையைத் தொடங்குங்கள்.

பி1 குறைவால் வருவது நரம்பையும் இதயத்தையும் தளரவைக்கும் பெரிபெரி நோய். ஜாவாவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகளின் கால்கள் வலுவிழப்பதையும், தவிடு கொடுத்தால் தேறுவதையும் 1890களில் கவனித்த டச்சு மருத்துவர் எய்க்மேனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் குன்னூரிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1918இல் அங்கே பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவுதான் பின்னாளில் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கல் அரிசி சாப்பிடுகிறவர்களுக்குப் பச்சரிசிக்காரர்களைவிடப் பாதுகாப்பு அதிகம். இன்று நம்மிடையே பி1 குறைவு முக்கியமாக மது குடிப்பவர்களிடம் தெரிகிறது. மது தானாகவும் நரம்பைக் கெடுக்கும், சாப்பாட்டையும் குறைக்கும். குடியை நிறுத்தாமல் மாத்திரை மட்டும் போட்டுப் பலனில்லை.

பி6 மட்டும் இதில் தனி. குறைந்தாலும் நரம்பு கெடும், கூடினாலும் கெடும். ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது 2 மில்லிகிராமுக்கும் குறைவு. கடையில் கிடைக்கும் சில மாத்திரைகளில் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. மாதக்கணக்கில் தானாக வாங்கி விழுங்கினால், போக்க நினைத்த மதமதப்பையே அது உண்டாக்கலாம். மாறாக, காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுப்பவர்களுக்கு பி6 குறைந்து கால் எரியும் என்பதால் அளவோடு பி6 சேர்த்துக் கொடுப்பார்கள். அதை நிறுத்திவிடக் கூடாது. புற்றுநோய் மருந்துகள் சிலவும் நரம்பைத் தாக்கும். கை கால் மரக்கத் தொடங்கினால் அடுத்த டோஸுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தோலில் தெரியும் தடயம்

வெளிறிய அல்லது சிவந்த படை ஒன்று இருந்து, அதன் மேல் தொட்டால் உணர்வு குறைவாக இருந்தால் தொழுநோயை நினைக்க வேண்டும். 2005இல் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது நீங்கியதாக இந்தியா அறிவித்தது உண்மைதான். ஆனாலும் உலகில் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியர்கள். அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம், 6 அல்லது 12 மாதம் எடுத்தால் குணமாகும். வெட்கப்பட்டு மறைத்தால்தான் ஊனம் வரும்.

உடலின் ஒரே பக்கத்தில் பட்டையாக எரிந்து குறுகுறுத்து, சில நாளில் நீர்க்கொப்புளம் வந்தால் அது அக்கி. சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து திரும்ப எழுவது. காவியால் அக்கி எழுதுவது பல ஊர்களில் வழக்கம். நம்பிக்கை இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்தைத் தொடங்கிவிடுங்கள்.

படபடப்பில் வேகவேகமாக மூச்சு வாங்கினாலும் வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் குறுகுறுக்கும். கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால் வருவது அது. மூச்சு நிதானமானால் தானாகப் போகும். தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பின் அதே மாதிரி வந்தால் கால்சியம் குறைந்திருக்கலாம், உடனே சொல்லுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

திடீரென்று உடலின் ஒரு பக்கம் மரத்து, முகம் கோணினாலோ பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். 108ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். பாதத்தில் தொடங்கிய மரப்பு நாள் கணக்கில், சிலசமயம் மணிக்கணக்கில், மேலேறிக் கால் தளர்ந்தால், உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் கியான்-பாரே நோயாக இருக்கலாம். வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்துபோன சில வாரங்களுக்குள் வருவது வழக்கம். 2025 தொடக்கத்தில் புணேயில் நூற்றுக்கு மேற்பட்டோருக்கு இது வந்தது. மூச்சுத் தசைகள் வரை போகக்கூடியது என்பதால் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். முதுகுவலியோடு பிறப்புறுப்பைச் சுற்றி மரத்து, சிறுநீர் வராமல் நின்றால் அன்றே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு ஒருநாள் தள்ளினால்கூட இழப்பு நிரந்தரமாகிவிடலாம்.

சோதனையும் மருந்தும்

பெரும்பாலானவர்களுக்குத் தொடக்கத்தில் ரத்தச் சோதனைகள் போதும்: சர்க்கரை, மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி, பி12, தைராய்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ரத்த அணுக்கள். அதன்பின் தேவைப்பட்டால் நரம்புக் கடத்தல் சோதனை. லேசான மின்சாரம் கொடுத்து, செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பார்கள். தடித்த நரம்பிழைகளைத்தான் அது காட்டும். எரிச்சலை உணர்த்தும் மெல்லிய இழைகள் மட்டும் கெட்டிருந்தால் ரிப்போர்ட் நார்மல் என்றே வரும். அதை வைத்து "எல்லாம் மனசுதான்" என்று ஒருவரை அனுப்பிவிடுவது நியாயமில்லை.

எரிச்சலைத் தணிக்கும் பிரிகாபலின், கபாபென்டின், டுலோக்செடின், அமிட்ரிப்டிலின் போன்றவை நல்ல மருந்துகள்தான். தூக்கம் திரும்புவதே பெரிய நிம்மதி. ஆனால் இவை நரம்பைப் பழுதுபார்ப்பதில்லை, அது எழுப்பும் கூச்சலை மட்டும் குறைக்கின்றன. சிறு அளவில் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும். மயக்கம், தலைச்சுற்றல் வரும் என்பதால் முதியவர்கள் கீழே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திடீரென்று நிறுத்தவும் கூடாது. சாதாரண வலி மாத்திரைகள் இந்த எரிச்சலுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை, தொடர்ந்து போட்டால் சிறுநீரகத்துக்குத்தான் கேடு. மிளகாயின் காரத்துக்குக் காரணமான காப்சைசின் கலந்த களிம்பு சிலருக்கு உதவுகிறது. புண் இருக்கும் இடத்தில் தடவக் கூடாது.

காரணத்தைச் சரிசெய்த பிறகும் பொறுமை வேண்டும். அறுந்த அல்லது நசுங்கிய நரம்பிழை மீண்டும் வளரும் வேகம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர், அதாவது மாதத்துக்கு ஓர் அங்குலம். முழங்கையில் அடிபட்ட நரம்பு சுண்டு விரலை எட்ட ஒரு வருடம்கூட ஆகலாம். அப்படி வளரும்போது முன்பு மரத்துக் கிடந்த இடத்தில் புதிதாகக் குறுகுறுப்பு எழுவதுண்டு, நாளுக்கு நாள் அது விரல் நுனியை நோக்கி நகரும். நோய் கூடிவிட்டது என்று பயந்து சிகிச்சையை நிறுத்திவிடாமல், அது எந்த இடம் வரை வந்திருக்கிறது என்று குறித்துவைத்து அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.